மும்பை மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி, 48 பிள்ளைகள், பழைய புரொஜெக்டர், கையில் ஒரே போன்: கணக்கு வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் புகுத்துவது?

டேப்லெட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெருவில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 2012இல் வந்த ஆய்வின்படி கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை. யாருக்கு எங்கே இடிக்கிறது என்று டீச்சருக்கு உடனே தெரிய வேண்டும். அதற்கு உங்கள் போன் போதும்.

பிளிக்கர்ஸ் செயலியை ஏற்றுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கறுப்பு வடிவம் அச்சிட்ட அட்டை. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் ஏ, பி, சி, டி விடை. போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். வடிவம் ஆளுக்கு ஆள் மாறுவதால் பக்கத்து அட்டையைப் பார்த்து அடிப்பதும் கஷ்டம். நெட்டுக்கு போன் டேட்டாவே போதும். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைதான், நீங்கள் 63 அட்டைத் தொகுப்பை எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடச் சொல்வார்கள், வேண்டாம்: டியூப்லைட் பட்டுப் பளபளத்தால் கேமரா படிக்காது. சார்ட்டில் ஒட்டினால் போதும். விரல் கறுப்பை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். செயலியில் பெயருக்குப் பதில் ரோல் நம்பரைப் பதியுங்கள்.

கேள்வி சரியில்லை என்றால் இதெல்லாம் வீண். 1/2 + 1/3 = ? விடைகளாக 5/6, 2/5, 1/6, 2/6 கொடுங்கள். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டுகிற பிள்ளை 2/5 காட்டும். 1/6 காட்டினால் பெருக்கியிருக்கிறது. 2/6 என்றால் பகுதியைச் சரியாக 6 ஆக்கிவிட்டு, தொகுதியை மாற்ற மறந்திருக்கிறது. இதுதான் கிட்டத்தட்டப் புரிந்த பிள்ளை. சரியான விடை 30 முதல் 70 சதவீதம் என்றால் விடையைச் சொல்லாமல் பக்கத்துப் பிள்ளையோடு வாதாட விட்டு, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. 30க்குக் கீழே என்றால் பேச விட்டுப் பயனில்லை, திரும்ப நடத்தத்தான் வேண்டும்.

அப்போதுதான் புரொஜெக்டர். பின்னத்துக்கு ஃபெட் (PhET) தளத்தின் சிமுலேஷன், அதாவது திரையில் நகர்த்திப் பார்க்கிற செயல்விளக்கம், நல்லது. கோப்பாக இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே ஓடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் படம் வெளிறிப்போகும், பக்கச்சுவரில் காட்டுங்கள். பல்பு வகை என்றால் சின்ன யூபிஎஸ் கட்டாயம்: கரன்ட் போய் ஃபேன் நின்றால் சூட்டிலேயே பல்பு கெடும்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பாட எண்ணை வைத்துத் தேடாதீர்கள், அங்கே பாடத்திட்டம் வேறு. ‘வேற்றினப் பின்னக் கூட்டல்’ என்று தேடி, தேவையான 3, 4 நிமிடத்தை மட்டும் ஓட்டுங்கள்.