கறுப்புப் புகை, இழுவை இல்லை: சென்சார்தான் காரணமா?

கேள்வி: சார், மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் நெய்வேலிக்கு என் 1,248 சிசி டர்போ டீசல் காரில் போய் வருகிறேன். கொஞ்ச நாளாக கேப்பர் மலை ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. அழுத்தி மிதித்தால் பின்னால் கறுப்புப் புகைதான். ஸ்கேனரில் பி0101 என்ற பழுதுக் கோடு (code) வந்தது. 'ஏர்ஃப்ளோ சென்சார் போச்சு, மாத்திடுங்க' என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆகணுமா?
– வாசகர், கடலூர்

பதில்: அவசரப்படாதீங்க. பி0101 வந்தாலே சென்சார் போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கிற இந்த சென்சார் சொல்லும் அளவும், என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு. எதிர்பார்க்கும் அளவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பொய் சொல்வது சென்சாரா, இல்லை வழியில் காற்று களவு போகிறதா என்பதை அந்தக் கோடு சொல்லாது.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது புகைதான். சென்சாரில் அழுக்குப் படிந்தால் பெரும்பாலும் காற்றைக் குறைத்துக் காட்டும். காற்று குறைவு என்று நம்பி இ.சி.யு. டீசலையும் குறைத்துவிடும். வண்டி இழுக்காது, ஆனால் இவ்வளவு புகை வராது. புகையும் சேர்ந்து வருகிறதென்றால் என் சந்தேகம் முதலில் டர்போவுக்குப் பிறகு வரும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் மேல். சென்சார் அளந்து முடித்த காற்று அங்கே கசிந்து போனால், இல்லாத காற்றுக்கும் சேர்த்து டீசல் அடிக்கும். அது புகையாகத்தான் வெளியே வரும்.

என்ஜின் ஆறிய பிறகு ஹோஸின் அடிப்பக்கத்தை, கிளிப் ஓரத்தை, விரலால் தடவிப் பாருங்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கசிவு இருந்தால் எண்ணெயும் சாலைத் தூசியும் குழைந்து கறுப்பு மையாக ஒட்டியிருக்கும். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்துப் பயனில்லை. லோடு இல்லாமல் டீசலில் டர்போ தரும் காற்றழுத்தம் (பூஸ்ட்) சரியாக ஏறாது. டர்போ வாயை அடைத்து, 1 பாருக்கு மேல் போகாமல் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். நுரை வந்த இடம்தான் திருடன்.

ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்தது, எரிந்து வெளியேறும் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு. கரி பிடித்துத் திறந்தே நின்றாலும் இதே கோடு, இதே புகை வரும். இங்கே ஒரு கணக்கு இருக்கு. 1,248-ஐ நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 312 சிசி. நம்ம ஊர் வெயிலில் ஒரு சிசி காற்று ஏறக்குறைய 1.16 மில்லிகிராம். ஆக முழுசாக நிரம்பினால் 360 சொச்சம் மில்லிகிராம். ஐடிலில், வால்வு மூடியிருக்கும்போது, ஸ்கேனரில் ஸ்ட்ரோக்குக்கு (ஒரு சிலிண்டர் ஒரு முறை இழுக்கும் காற்று) 300 மில்லிகிராமை ஒட்டி வந்தால் சென்சார் மேல் பழி போட வேண்டாம். 200 பக்கமே நின்றால், வால்வு மூடாமல் அந்த வாயு புதுக் காற்றின் இடத்தைப் பிடித்திருக்கலாம்; வால்வைக் கழற்றிப் பாருங்கள். வால்வு சுத்தமாக மூடியிருந்து, டர்போவுக்கு முந்தைய ரப்பர் குழாயிலும் விரிசல் இல்லையென்றால்தான் சென்சார் மேல் கை வைக்கணும்.

'சென்சார் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார், நல்லா ஓடினா சென்சார்தான்' என்று ஒரு வைத்தியம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. பாதிதான் உண்மை. பிளக்கை எடுத்ததும் பல வண்டிகளில் இ.சி.யு. இ.ஜி.ஆரையும் மூடச் சொல்லிவிடும். வண்டி தேறியது அதனாலேயே இருக்கலாம்.

புதுசு வாங்கும் முன் பிளக் பின்களைப் பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். அதைத் துடைத்தாலே பல நேரம் ரீடிங் திரும்பிவிடும். சென்சாரை அதற்கென விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். கார்ப் கிளீனர், பட்ஸ், கம்ப்ரசர் காற்று மூன்றும் கூடாது. உள்ளே இருக்கும் ஃபிலிம் அத்தனை மெல்லிசு. அப்புறமும் ரீடிங் ஏறவில்லையா, மாற்றுங்கள். டூப்ளிகேட் மட்டும் வேண்டாம். அளவு காட்டும், தப்பாகக் காட்டும்.

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காருக்கு எண்ணெய் தடவிய காட்டன் ஏர் ஃபில்டர் போடலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முதலில் உங்கள் காரில் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள்மா. சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் அது கிடையாது. என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்தே கணக்குப் போடும். இருந்தால், கழுவிய ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் அதுவே சென்சாரில் படியும். நானாக இருந்தால் கம்பெனி கொடுத்த பேப்பர் ஃபில்டரையே போடுவேன்.