இரவுச் சோறும் தசையின் கடிகாரமும்

கேள்வி: எனக்கு 47 வயது. கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறேன். ஆறு வருடங்களாக நீரிழிவு. பகல் வேலை வாரங்களில் காலை வெறும் வயிற்றில் சீனி 125 அளவில் நிற்கிறது. இரவு வேலை வாரங்களில், காலை ஏழு மணிக்கு வீடு வந்து பார்த்தால் 170ஐத் தாண்டுகிறது. இரண்டு வாரமும் கொண்டுபோவது அதே சோறும் கறியும்தான். இரவில் அதை இரண்டு மணிக்குச் சாப்பிடுவேன். கிளினிக்கில் நான் ஒளித்துத் தின்பதாக நினைக்கிறார்கள்.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதே சோறுதான், ஆனால் பகல் ஒரு மணிக்கு உண்ணும் சோற்றை உடல் கையாளும் விதம் வேறு, இரவு இரண்டு மணிக்குக் கையாளும் விதம் வேறு.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு மணிக்குச் சாப்பிட்டு ஏழு மணிக்குப் பார்த்தால் இடைவெளி ஐந்து மணித்தியாலம்தான். வெறும் வயிறு என்று சொல்ல எட்டு மணித்தியாலமாவது வேண்டும். ஆகவே அந்த 170ஐப் பகல் வாரத்து 125உடன் ஒப்பிட முடியாது. இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனாலும் முழுக் காரணம் அதுவல்ல. மூளையின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கண்ணுக்கு வரும் வெளிச்சத்தைக் கொண்டு உடலுக்கு நேரம் காட்டுகின்றன. ஈரலுக்கும் சதையிக்கும் தசைக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. இவற்றில் தசையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சாப்பிட்டபின் இன்சுலினின் சொல் கேட்டு இரத்தத்திலிருந்து சீனியை அதிகமாக வாங்கிக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகளே. அதற்குக் கலத்தின் மேற்பரப்புக்கு வரவேண்டிய புரதம் குளூட்-4. எலிகளின் தசையில் மட்டும் கடிகார மரபணு ஒன்றை நீக்கிப் பார்த்தபோது இந்தப் புரதம் குறைந்தது. தசை வாங்கும் சீனியும் குறைந்தது. போதாததற்கு, இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹோர்மோன் இன்சுலின் சுரப்பைச் சற்று அடக்கிவைக்கிறது. நீங்களோ அந்த நேரத்தில் கிரேன் அறைக்குள் கால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். நீரிழிவு இல்லாத 19 இளவயதினரை ஆய்வுகூடத்தில் இரவு வேலைக்காரர்களைப் போல விழித்திருக்கவைத்தார்கள். இரவிலும் உண்டவர்களுக்குச் சராசரிச் சீனி 6.4 வீதம் ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு ஏறவில்லை. நீரிழிவு உள்ளவருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் முயன்று பார்க்கத்தக்க வழி அது.

எனவே சோற்றை வேலைக்குப் புறப்படுமுன் மாலையிலேயே வீட்டில் சாப்பிடுங்கள். நள்ளிரவுக்குப் பின் பசித்தால் அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி அவித்த கடலையோ, சீனி போடாத பிளேன் டீயோ போதும். வேலை முடிந்து வரும் வழியில் கொத்து ரொட்டி வேண்டாம். இடைவேளையில் கீழே இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் சொல்லுக்குக் காத்திராமலே சீனியை எடுத்துக்கொள்ளும். நீரிழிவுக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. பகலில் தூங்கி எழுந்தபின் காலிமுகத்திடல் பக்கம் அரை மணித்தியாலம் நடந்தால் இன்னும் நல்லது. தூங்கும் அறையின் யன்னலுக்குத் தடித்த திரை போடச் சொல்லுங்கள்.

என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மெட்ஃபோமின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், இரவுச் சோற்றை நிறுத்துமுன் உங்கள் வைத்தியரிடம் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில், கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால் உங்களுக்கும் கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. அதுவரை சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் வில்லைகள் இருக்கட்டும்.