குளிரில் பழகிய உடம்பு வெயில் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறேன், வயது 38. மலைப்பாதையில் நாலு மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் அசராதவன். போன மே மாதம் சமவெளியில் 80 கி.மீ. மவுண்டன் பைக் பந்தயத்தில் கலந்துகொண்டேன். மூன்றாவது மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பாதியில் விலகிவிட்டேன். அதற்குள் ஆறு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தேன். இந்த வருடம் முடிக்க என்ன செய்வது?

பதில்: தெம்பு உங்களிடம் இருக்கிறது, வெயில் பழக்கம்தான் இல்லை. குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர்; அடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிடப் பத்து டிகிரி வரை குளிர்ச்சி. பெடல் மிதிக்க உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. தார் ரோட்டில் வேகமாகப் போனால் எதிர்க்காற்று அதைத் தணிக்கும். கரடுமுரடான ஏற்றத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்ந்தால் காற்று ஏது? வியர்வை தோலிலேயே காய்ந்தால்தான் குளிர்ச்சி. சொட்டி மண்ணில் விழுவது வெறும் நஷ்டம்.

எனவே பந்தயத்துக்கு முந்தைய 10 முதல் 14 நாட்கள் வெயிலில் பழகுங்கள். முடிந்தபோதெல்லாம் மேட்டுப்பாளையம் இறங்கி, முற்பகலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிதானமாக ஓட்டுங்கள். இறங்க முடியாத நாளில் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்டாண்ட்), ஜன்னலைச் சாத்தி, ஃபேன் போடாமல் மிதிக்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். நாலைந்து நாளில் ரத்தத்தில் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி கூடும். அதே வேகத்தில் இதயத்துடிப்பு குறைவதை உங்கள் வாட்ச்சே காட்டும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பும் குறையும். மார்ச்சிலேயே இதை முடித்து வைக்க நினைக்காதீர்கள். மலைக்குத் திரும்பி மூன்று, நான்கு வாரம் போனால் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அடுத்தது அந்த ஆறு லிட்டர். எனக்குக் கவலை தருவது இதுதான். மணிக்கு இரண்டு லிட்டரை வயிறு கீழே இறக்காது. ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் தாங்கும். உப்பில்லாத வெறும் தண்ணீராக இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையவும் வாய்ப்பு உண்டு. தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் அதன் அடையாளங்கள். முற்றினால் உயிருக்கே ஆபத்து. வெப்பத் தாக்கத்திலும் தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால் போன வருடம் நடந்தது எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அளந்து பாருங்கள்: வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டும் முன்னும் பின்னும், ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். குறைந்த கிலோவோடு குடித்த லிட்டரைக் கூட்டினால் உங்கள் வியர்வைக் கணக்கு. அதற்கு மேல் குடிக்கவே கூடாது. கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கலந்தால் உப்புக்குப் போதும். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருப்பதால் சக்திக்கு வாழைப்பழம், பேரீச்சை, எனர்ஜி ஜெல் தனியாக வேண்டும். பி.பி., சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள்.

சிங்கிள் டிராக் எனப்படும், ஒரு சைக்கிள் மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதையின் இறக்கத்தில் ஹேண்டில்பாரை விட்டுக் கையெடுக்க முடியாது. அதனால் டியூப் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர் முதுகுப்பை வசதி; பாதி ஐஸ் போட்டு நிரப்புங்கள். குடித்ததும் டியூபில் தங்கிய நீரை உள்ளே ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாய் வெந்நீராக வரும். பாட்டிலில் வெறும் தண்ணீர் வைத்துத் தலையிலும் முன்கையிலும் ஊற்றிக்கொள்ளுங்கள். அது காயும்போது கிடைக்கும் குளிர்ச்சிக்கு வியர்வை செலவில்லை.

முதல் மணி நேரம் மற்றவர்கள் முந்தினால் முந்தட்டும். சூடு ஏற ஏற அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும், அதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும்.

வெயிலில் புல்லரித்துக் குளிர்ந்தால், பேச்சு குழறினால், பாதை குழம்பினால் உடனே நிறுத்துங்கள். வெப்பத் தாக்கம் என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். பந்தயத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் வியர்த்துக் கொட்டிக்கொண்டே விழுகிறார்கள். அப்போது ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தி, தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், சிறுநீரகத்தைப் பாதிக்கும். பந்தயத்துக்கு முந்தைய வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.