தனி ப்ரீஆம்ப் வாங்கினால் ஒலி மேம்படுமா?

கேள்வி: 40 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப், சிடி ப்ளேயர், இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். தனியாக ஒரு ப்ரீஆம்ப் சேர்த்தால் ஒலி நன்றாகத் தெளியும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஆம்புக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருக்கிறது. இன்புட்டைத் தேர்வதும் வால்யூமைக் கூட்டிக் குறைப்பதும் அதன் வேலைதான்.

சிடி ப்ளேயர் உச்சத்தில் சுமார் 2 வோல்ட் தருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாட் போக ஏறத்தாழ 18 வோல்ட் தேவை. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் பகுதி வழக்கம்போல 20 மடங்கு பெருக்கினால், 0.9 வோல்ட் கொடுத்தாலே முழு பவரும் வந்துவிடும். ஆக, வருகிற சிக்னலே தேவைக்கு இரண்டு மடங்கு. இன்னும் பெருக்கி என்ன செய்வது?

புதுப் பெட்டியை ஆக்ஸ் இன்புட்டில் செருகினால் சிக்னல் இரண்டு ப்ரீஆம்பைத் தாண்ட வேண்டும். குமிழைத் துளி திருப்பினாலே சத்தம் காதைப் பிளக்கும். அடிமட்டத்திலேயே வைத்துக் கேட்பீர்கள். சாதாரண வால்யூம் கன்ட்ரோலில் இடது, வலது அளவுகள் அதிகம் மாறுபடுவது அந்த இடத்தில்தான். நடுவில் நிற்க வேண்டிய பாடகர் குரல் ஒரு பக்கமாகச் சாயும். ஆம்பின் பின்புறம் ப்ரீ அவுட், மெயின் இன் ஜாக்குகளை இணைக்கும் வளைந்த உலோகத் துண்டுகள் இருந்தால், மின்சாரத்தை அணைத்து அவற்றைக் கழற்றி, புதுப் பெட்டியை மெயின் இன்னில், அதாவது நேராகப் பவர் ஆம்ப் பகுதிக்கு, கொடுக்கலாம். அப்போதும் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஒப்பிட்டே தீருவதென்றால் சத்தத்தைச் சமமாக்குங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதுதான் காதுக்கு நல்லதாகப் படும்; பல விற்பனை இதில்தான் நடக்கிறது. 400 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளந்து பாருங்கள். ஒன்றில் 2.00 என்றால் மற்றதில் 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் இருக்க வேண்டும். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறொருவர் மாற்றட்டும்.

கேள்வி: டர்ன்டேபிளுக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை. அங்கே ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் காட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். அதை 100 மடங்காவது பெருக்க வேண்டும். அதோடு, ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன் அதை நேராக்குகிறது. அது இல்லாமல் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி எழும்பாது. ஜால்ரா மட்டும் கீச்சிடும். முதலில் உங்கள் ஆம்பில் 'ஃபோனோ' ஜாக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செலவே இல்லை. டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயரை அதற்கான திருகில் முடுக்க மறந்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும்.

கேள்வி: பவர் ஆம்ப் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது. பெருக்காமல் அளவைக் குறைக்க மட்டும் செய்யும் பாஸிவ் வால்யூம் பெட்டி போதுமா?

பதில்: அதற்குள் 50 கிலோஓம் கன்ட்ரோல் இருந்தால் போதாது. மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கம்) உள்ள கேபிளில், குமிழ் மோசமான நிலையில் நிற்கும்போது 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 2 டெசிபல் குறையும். 10 கிலோஓம் கன்ட்ரோல் போடுங்கள், அல்லது ஆக்டிவ் ப்ரீஆம்ப் வாங்குங்கள். இங்கே அதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.