அரம் முதல் ஸ்லிப் கேஜ் வரை: நீங்கள் கேட்டவை

ஐயா, நான் ஃபிட்டர் படிக்கிறேன். கணினியே மெஷினை ஓட்டும் இந்த சி.என்.சி. காலத்தில் எங்களை ஏன் மாதக்கணக்கில் அரம் ராவ விடுகிறார்கள்?

தம்பி, கை படிய வேண்டும், அதற்குத்தான். ராவிய முகத்தில் ட்ரை ஸ்கொயரை, அதாவது மூலைமட்டத்தை, வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில்கூட வெளிச்சம் கோடாகத் தெரியும். இந்தக் கண் பழகியவன்தான் மெஷின் போட்ட தப்பைக் கண்டுபிடிப்பான்.

சமதளத்தைச் சர்ஃபேஸ் பிளேட் என்ற மிகத் தட்டையான பலகையில் சரிபார்க்கிறோம். முதல் சர்ஃபேஸ் பிளேட்டை எதில் சரிபார்த்தார்கள்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இரண்டு பலகைகளை உரசிப் பார்த்தால் போதாது. ஒன்று லேசாகக் குழிந்து மற்றது லேசாகப் புடைத்திருந்தாலும் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது பலகை வந்ததும் குட்டு உடையும். அ, ஆ, இ மூன்றையும் மாற்றி மாற்றி நீலச் சாயம் தடவி உரசி, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் கையால் சுரண்ட வேண்டும். ஒரு பலகையைச் சுழற்றி வைத்தும் உரச வேண்டும். இல்லையென்றால் பலகையின் முறுக்கல் மறைந்துகொள்ளும். எந்த இரண்டைச் சேர்த்தாலும் நீலம் எங்கும் சீராகப் படிந்தால் மூன்றும் சமம். இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் இந்த முறையை விளக்கிக் கட்டுரை வாசித்தார். அளவுகோலே இல்லாமல் பிறந்த துல்லியம் இது!

ஸ்லிப் கேஜ்கள் (துல்லியமான அளவுக் கட்டைகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது காந்தத்தாலா?

இல்லை, செராமிக் கேஜ்களும் ஒட்டும். அவ்வளவு வழவழப்பான முகங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய எண்ணெய், ஈரப் படலமும் மூலக்கூறு ஈர்ப்பும் சேர்ந்து பிடிக்கின்றன. இவற்றை உருவாக்கியவர் ஸ்வீடன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜோஹான்சன். அவருடைய 102 கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து சுமார் 20,000 அளவுகள் எடுக்கலாம்.

காலையில் பாஸ் ஆன பீஸ் மதியம் ரிஜெக்ட் ஆகிறதே?

வெயில்தான். நீள அளவுகளெல்லாம் 20 டிகிரிக்குச் சொல்லப்படுபவை. 100 மி.மீ. எஃகு 32 டிகிரியில் கிட்டத்தட்ட 14 மைக்ரான் நீண்டிருக்கும். பீஸையும் கேஜையும் ஒரே மேஜையில் ஆறவிட்டு அளந்து பாருங்கள். அலுமினியம் என்றால் இன்னும் கவனம், அது ஏறக்குறைய இரட்டிப்பாக நீளும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் வேலையைத் துல்லியம் என்று சொல்ல முடியுமா? மைக்ரோமீட்டரே தொடுவதில்லையே.

தாராளமாகச் சொல்லலாம். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பகுதிகள் குறிப்பார்கள். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்று எல்லாம் விகிதம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், ஆக ஒரு சிலைக்கு ஒரு அச்சு. விமான எஞ்சின் டர்பைன் இறக்கைகளை இன்றைக்கும் இதே மெழுகு வழியில்தான் வார்க்கிறார்கள். மண்ணுக்குப் பதில் செராமிக், அவ்வளவுதான்.

முதலில் எந்தக் கருவி வாங்கலாம்?

ஆறு அங்குல ட்ரை ஸ்கொயர், நல்லதாக ஒன்று. அதை அரத்தோடு ஒரே பெட்டியில் மட்டும் போடாதீர்கள்.