ஃபைனல்ல தொடர்ந்து தோக்குற பொண்ணுக்கு: ஸ்கியாவோனே கதையைப் பாருங்க

சார், உங்க பொண்ணு டென்னிஸ்ல ஃபைனல் வரைக்கும் வந்து வந்து தோக்குறா, ஒத்தைக் கை பேக்ஹேண்ட்தான் (புறங்கை முன்னால வர்ற மாதிரி ஒரே கையால மட்டையைப் பிடிச்சு அடிக்கிறது) காரணம், ரெண்டு கைக்கு மாத்தணும்னு கோச் சொல்றார்னு எழுதியிருந்தீங்க. அவசரப்பட்டு மாத்திடாதீங்க. இத்தாலி டென்னிஸ் வீராங்கனை பிரான்செஸ்கா ஸ்கியாவோனே தெரியுமா? மிலான்காரங்க, அவங்களும் ஒத்தைக் கைதான். டபிள்யூ.டி.ஏ. டூர்ல (பெண்களோட தொழில்முறைப் போட்டிகள்ல) முதல் எட்டு ஃபைனலும் தோத்தாங்க, 2007ல ஆஸ்திரியாவோட பாட் காஸ்டைன் போட்டியிலதான் முதல் பட்டம். 2009 பிரெஞ்ச் ஓபன் முதல் ரவுண்டுல ஆஸ்திரேலியாவோட சமந்தா ஸ்டோசர்கிட்ட தோத்துட்டு, அடுத்த வருஷமே அதே ஸ்டோசரை ஃபைனல்ல 6-4, 7-6னு ஜெயிச்சாங்க, அப்போ 30 வயசாக சில வாரம்தான் பாக்கி, கிராண்ட் ஸ்லாம் சிங்கிள்ஸ் ஜெயிச்ச முதல் இத்தாலியப் பெண்ணும் அவங்கதான்.

அந்த ஃபைனல்ல ரெண்டாவது செட் 6-6ன்னு சமமானப்போ அதை முடிவு பண்ண ஆடின டைபிரேக்கை பொண்ணுகூட உக்காந்து பாருங்க. ஸ்டோசர் சுழல விட்டுப் போடுற கிக் சர்வ் தரையில பட்டதும் தோளுக்கு மேல எகிறும், ஒத்தைக் கைக்கு அது பெரிய தொல்லை, ஆனா ஸ்கியாவோனே பயந்து பின்னாடி ஒதுங்கல, சான்ஸ் கிடைச்சப்பல்லாம் நெட்டுக்கு ஏறிப்போய் அடிச்சு 7-2ன்னு முடிச்சாங்க.

2011 ஆஸ்திரேலியன் ஓபன்ல ரஷ்யாவோட குஸ்னெட்சோவாகூட 4 மணி 44 நிமிஷம் ஆடி, மூணாவது செட்டை 16-14னு எடுத்தாங்க, அந்த வாரமெல்லாம் எனக்கு அதே பேச்சுதான்! அப்புறம்தான் உலக ரேங்க் 4.

பொண்ணு பேக்ஹேண்ட் மொத்தமாவே வீக்கா, இல்ல டென்ஷன்ல மட்டும் தடுமாறுதான்னு லீக் மேட்ச் வீடியோவையும் ஃபைனல் வீடியோவையும் வச்சுப் பாருங்க. ஃபைனல்ல மட்டும்னா கிரிப்ல (மட்டையைப் பிடிக்கிற விதத்துல) கை வைக்க வேணாம், கோச்கிட்ட தைரியமா சொல்லுங்க.