அத்திக் குச்சி கேட்கப் போகும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தினமும் நடக்கும் வழியில் ஒரு வீட்டு மதிலுக்கு மேலே சீமை அத்தி ஒன்று எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்காரரைத் தெரியாது. நட்டு வளர்க்க, தெருப்பக்கம் நீண்ட கிளையில் இரண்டு துண்டு ஒடித்துக்கொண்டால் தவறா? அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் கை போகவில்லை. கேட்பதென்றால் எப்போது, எப்படி, எத்தனை குச்சி கேட்கலாம்? இன்னொன்று. போன ஆண்டு நண்பர் கொடுத்த ஐந்து குச்சிகளும் துளிர்த்து, நாலைந்து இலை விட்டு, பிறகு ஒவ்வொன்றாக வாடிச் செத்தன. தண்ணீர் ஒருநாளும் தவறியதில்லை. எங்கே பிழை?

ம.

அன்புள்ள ம.,

கை போகாதது நல்லது. ஏனென்றால் ‘நஷ்டமில்லை’ என்ற கணக்குதான் தவறு.

சீமை அத்தியில் பல வகைகள் ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கும். பெரிய காய்ப்பு அந்த ஆண்டு வளரும் புதுத் தளிரில் வரும். அதற்கு முன்னால் வரும் முதல் காய்ப்பு, ப்ரேபா என்பது, போன ஆண்டுத் தண்டில், பெரும்பாலும் நுனியை ஒட்டிய கணுக்களில் உருவாகிறது. குச்சி தேடுகிறவர்கள் எல்லோரும் விரும்புவதும் அந்தப் போன ஆண்டுத் தண்டைத்தான். நுனியோடு இரண்டை ஒடித்தால் அவருடைய முதல் பழங்களில் சிலவற்றை ஒடித்துவிட்டீர்கள் என்று பொருள். மரம் சான் பெட்ரோ என்னும் வகையாக இருந்து, அத்திக்கு மகரந்தம் கொண்டுவரும் அத்திக் குளவியும் அந்த வட்டாரத்தில் இல்லையென்றால், அதற்கு ப்ரேபாவைத் தவிர வேறு பழமே கிடையாது. கையால் ஒடிக்கும்போது பட்டை கீழ்நோக்கிக் கிழியும், அந்தக் காயம் வழியாக நோய் நுழையும். இதெல்லாம் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியாது. தெருப்பக்கம் நீண்டிருப்பதால் கிளை பொதுச்சொத்து ஆகிவிடாது. பூட்டிக் கிடக்கும் வீட்டு மரத்துக்கும் பூங்கா மரத்துக்கும்கூட உரியவர் ஒருவர் உண்டு.

ஆகவே கேளுங்கள். ஆனால் கேட்கும் காலமும் வெட்டும் காலமும் வேறுவேறு என்பதை மனத்தில் வையுங்கள். பழம் பழுக்கும் பருவத்தில் கேட்க வேண்டும், இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது வெட்ட வேண்டும். பழக்காலத்தில் போனால் மரம் என்ன தருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டுக்காரருக்கும் உங்களை எடைபோட நாலைந்து மாதம் கிடைக்கும். ‘இப்போது வேண்டாம், இலை உதிர்ந்த பிறகு வருகிறேன்’ என்று சொல்கிறவர் மரத்தைத் தெரிந்தவர் என்று அவருக்கே புரிந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். முதல் சந்திப்பில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். அழைத்துவிட்டு வாசலிலிருந்து இரண்டடி பின்னால் நில்லுங்கள், நாய் இருக்கலாம். யாரும் இல்லையென்றால் உங்கள் பெயர், எண், ‘உங்கள் அத்தி மரத்தைப் பற்றிக் கேட்க வந்தேன்’ என்ற ஒரு வரி எழுதிய சீட்டை வைத்துவிட்டு வாருங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை போகலாம், மூன்றாவது முறை வேண்டாம். குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தால் அவருடைய ‘எடுத்துக்கோங்க’ போதாது, உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முடியாது என்றால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லி விடைபெறுங்கள்.

பேச ஆரம்பித்ததும் குச்சியைக் கேட்காதீர்கள், மரத்தைக் கேளுங்கள். இது வெறும் மரியாதைக்காக இல்லை, உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் அதில்தான் இருக்கிறது. முதல் கேள்வி, ‘இந்த மரத்துப் பழம் பழுத்துச் சாப்பிட்டிருக்கிறீர்களா?’ சீமை அத்தியில் ஆண் மரமும் உண்டு. காப்ரி அத்தி என்பார்கள். காய் நிறையப் பிடிக்கும், உள்ளே மகரந்தமும் சக்கையுமாக இருக்கும். குளவி இருக்கும் நாடுகளில் விதையிலிருந்து தானாக முளைக்கும் மரங்களில் ஏறத்தாழப் பாதி இப்படித்தான். ஸ்மிர்னா வகைகளோ பெண் மரங்கள், ஆனால் குளவி மகரந்தம் கொண்டுவராவிட்டால் காய் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். 1880களில் துருக்கியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஸ்மிர்னா குச்சிகளைக் கொண்டுபோனவர்கள் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். மரம் செழித்தது, பழம் இல்லை. 1899இல் அங்கே குளவி நிலைபெற்ற பிறகே காய் தங்கியது. உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. நீங்கள் இருக்கும் வட்டாரத்திலேயே அந்த மரம் பழுக்கிறது என்றால் உங்கள் தோட்டத்திலும் பழுக்கும்.

இரண்டாவது, ஆண்டில் எத்தனை முறை காய்க்கிறது. மூன்றாவது, மழை பெய்தால் பழம் வெடிக்கிறதா, புளிக்கிறதா. பழத்தின் அடியிலுள்ள கண் திறந்திருக்கும் வகைகளில் மழைநீரும் வண்டும் உள்ளே போகும். இறுக மூடிய கண், அல்லது தேன்துளியால் அடைபட்ட கண், பெரிய வரம். அவர் ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தால் அங்கேயே பிளந்து, உள்நிறத்தையும் கண்ணையும் பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலைகளையும் பாருங்கள். மஞ்சள் திட்டுகள், கோணல்மாணலான இலைகள் இருந்தால் அத்தித் தேமல் நோய். வைரஸால் வருவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் அதைப் பரப்புகிறது. குச்சி வழியாகவும் ஒட்டு வழியாகவும் கன்றுக்கு வந்துவிடும், மருந்து கிடையாது. பழைய மரங்களில் பெரும்பாலானவற்றில் ஓரளவு இருக்கும், அதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. மரம் முழுக்கக் குன்றி, இலையெல்லாம் உருக்குலைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வெட்டப் போகும் நாளுக்கு வருவோம். மூன்று அல்லது நான்கு துண்டு கேளுங்கள். வேர்விட ஒன்றே போதும், மற்றவை உங்கள் கைப்பிழைக்கு. ஒரே நீண்ட கிளையிலிருந்து மூன்றும் கிடைக்கலாம். எந்தக் கிளை என்பதை வீட்டுக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். அவர் ‘எதையாவது எடுங்க’ என்றால், உள்நோக்கி வளர்ந்தது, இன்னொன்றோடு உரசுவது, வழியை மறிப்பது, அடியில் கிளம்பியது என்ற வரிசையில் தேடுங்கள். கவாத்தில் எப்படியும் போகவேண்டிய கிளைகள் இவை. அடித்தளிரை எடுக்குமுன் மரம் ஒட்டுக்கட்டியதா என்று பாருங்கள், ஒட்டுக்குக் கீழே கிளம்பியது வேறு வகை. வேரோடு தோண்டித் தருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். மண்ணோடு வேர்முடிச்சு நூற்புழு வரும், வெறும் தண்டில் வராது. மரம் சின்னதாக இருந்தால் அந்த ஆண்டு கேட்கவே வேண்டாம். மரத்தை ஒழுங்காகக் கவாத்து செய்து கழிவையும் அள்ளிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல உங்களுக்குத் திறமை இருந்தால், அதைவிட நல்ல கைம்மாறு இல்லை. அறிமுகமில்லாத வீட்டில் ஏணி மட்டும் ஏறாதீர்கள்.

கத்தரிக்கோலை 70% ஆல்கஹாலில் துடைத்துக்கொண்டு போங்கள், மரத்துக்கு மரம் மறுபடி துடையுங்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். அத்திப்பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் சிவந்து கொப்புளம் கிளம்பும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பாலில் உள்ள சோராலென் போன்ற பொருள்கள் புற ஊதா ஒளியில் செய்யும் வேலை இது. பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தரையில் சிதறியதைக் கூட்டிவிட்டு வாருங்கள்.

பென்சில் கனம் முதல் கட்டைவிரல் கனம் வரை, 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள். கணுக்கள் நெருங்கியிருந்தால் மேல். பச்சையாக இருக்கும் நுனி அழுகும், நன்றாக மரமேறிய பகுதியை எடுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்பக்கம் கணுவுக்கு மேலே சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. அங்கேயே ஒட்டுத்தாளில் இடம், தேதி, வெட்டிய மரத்தின் அடையாளம் எழுதி ஒவ்வொரு குச்சியிலும் ஒட்டுங்கள். அவர் ‘இது பிரௌன் டர்க்கி’ என்று சொன்னால், ‘வீட்டார் சொன்ன பெயர்’ என்றே குறியுங்கள். அத்தியில் ஒரே பெயரில் பல மரங்களும், ஒரே மரத்துக்குப் பல பெயர்களும் உலவுகின்றன. தெரியாத மரத்துக்கு நீங்களாக ஒரு பிரபலமான பெயர் சூட்டிப் பிறருக்குக் கொடுப்பது, குச்சி திருடுவதைவிடப் பெரிய குற்றம் என்பது என் கருத்து. காப்புரிமை உள்ள வகை என்று தெரிந்தால் அதைப் பெருக்கக் கூடாது. நாட்டெல்லை தாண்டி வரும் குச்சிக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரும் வேலை வேண்டவே வேண்டாம்.

உடனே நட முடியாவிட்டால் மென்மையான தூரிகையால் கழுவி, உலரவைத்து, ஈரம் பிழிந்த தாளில் சுற்றி, உறையில் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கும். உறையின் உள்ளே நீர் கோர்த்தால் ஈரம் அதிகம்.

இனி உங்கள் ஐந்து குச்சிகள். தண்ணீர் தவறாததுதான் அவற்றைக் கொன்றிருக்கும். அத்திக் குச்சி தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைக் கொண்டே இலைவிடும். வேர் வந்துவிட்டது என்று நாம் நம்பி ஊற்றத் தொடங்குவோம். இலை நீரை வெளியே விடுகிறது, உறிஞ்ச வேர் இல்லை, கீழே ஈரத்தில் காற்றில்லாமல் பட்டை அழுகுகிறது. வாடுகிறதே என்று மேலும் ஊற்றுகிறோம்.

இந்த முறை அரை லிட்டர் அளவுள்ள, உள்ளே தெரியும் கோப்பையில் அடியிலும் பக்கத்திலும் துளையிடுங்கள். தேங்காய் நார்த்தூளும் பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கல்துகளும் சரிபாதி. கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் சொட்டக் கூடாது. ஒரு கணு வெளியே இருக்க நட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, 24 முதல் 27 டிகிரி சூட்டில், நேர்வெயில் படாமல் வையுங்கள். உறை ஈரத்தைக் காக்கும், ஆகவே முதல் மூன்று வாரம் பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது. கோப்பையைத் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள். கனம் நன்றாகக் குறைந்தால் மட்டும் ஓரிரு கரண்டி. உரம் வேண்டாம். பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் உப்பினால் பூஞ்சை என்று பதறாதீர்கள், ஈரத்தில் பட்டைத்துளைகள் விரிவது அது. பூஞ்சையானால் பஞ்சுபோல் இருக்கும், துடைத்தால் வந்துவிடும். குச்சியில் பிஞ்சு தலைகாட்டினால் கிள்ளிவிடுங்கள்.

மூன்று முதல் ஆறு வாரத்தில் கோப்பையின் சுவரில் வெள்ளை வேர்கள் தெரியும். அவை கிளைத்து, சற்றுப் பழுப்பேறிய பிறகே, மண்ணுருண்டை உடையாமல் மூன்று நான்கு லிட்டர் தொட்டிக்கு மாற்றலாம். உறையை ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம், நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். வெயிலும் அப்படியே.

ஒன்றுக்கு மேல் பிழைத்தால், இரண்டாவது கன்றை ஒரு பருவம் வளர்த்து அந்த வீட்டுக்கே எடுத்துப் போங்கள். பழைய மரம் தண்டுத்துளைப்பானாலோ வீடு இடிப்பதாலோ போய்விடலாம், அப்போது அதே மரம் அவரிடம் திரும்ப இருக்கும். அவருக்கு இடமில்லையென்றால் உங்களிடம் ஒன்று இருப்பதை மட்டும் தெரிவித்துவிட்டு, அவர் பெயரையும் கன்றின் ஒட்டுத்தாளில் சேர்த்து எழுதிவையுங்கள்.